மோட்டார் வண்டியின் சக்கர நட்டும் இம்பாக்ட் ரெஞ்சும்

மாட்டு வண்டியில் நெல் மூட்டைகளைப் பாரமேற்றிப் புறப்படும் குடியானவர், நுகத்தடியைத் தொடுமுன் குனிந்து சக்கரத்தின் கடையாணியைக் கையால் அசைத்துப் பார்ப்பது முன்னாள் வழக்கம். அந்தச் சிறு இரும்பாணி வழியில் விழுந்துவிட்டால் வண்டியும் பாரமும் மாடும் ஒருங்கே கெடும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். இன்று திருவள்ளூர், பொன்னேரி, ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி முதலிய வட்டங்களில் நிலமுடையவர் வீட்டு வாசல்கள் பலவற்றில் காரும் ஜீப்பும் டிராக்டரும் நிற்கின்றன. ஒவ்வொரு சக்கரத்திலும் நான்கு, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நட்டுகள் கடையாணியின் இடத்தை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆயினும் குனிந்து பார்க்கும் பழைய பழக்கம் மட்டும் புதிய வண்டியோடு கூட வந்து சேரவில்லை.

இம்மாவட்டத்தில் இவ்விஷயம் விசேஷமான கவனத்திற்கு உரியது. புழலிலிருந்து காரனோடை, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் வழியாகச் செல்லும் சென்னை–கல்கத்தா நெடுஞ்சாலை முன்னர் 5-ஆம் எண் என்றும் இன்று 16-ஆம் எண் என்றும் வழங்கப்படுகிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் செல்லும் கனத்த லாரிகளும் கண்டெய்னர் வண்டிகளும் இச்சாலையில் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றின் நடுவிலேதான் குடியானவரின் காரும் நெல் ஏற்றிய டிரெய்லரும் போக வேண்டியிருக்கின்றன. வயலில் சக்கரம் கழன்றால் அரை நாள் வேலை கெடும். நெடுஞ்சாலையில் கழன்றால் உயிர் போகும். கழன்று உருண்டோடும் சக்கரம் வண்டியில் இருப்பவரை மட்டுமன்றி, சாலை ஓரமாய் நடந்து செல்பவரையும் தாக்கக்கூடும்.

சாலை ஓரப் பட்டறைகளிலும் பஞ்சர் கடைகளிலும் காற்றினால் ஓடும் இம்பாக்ட் ரெஞ்சைக் கொண்டு சில நொடிகளில் நட்டுகளைக் கழற்றி மாட்டுவதைக் குடியானவர்கள் பார்த்திருக்கிறார்கள். பட்டறைக்காரர் இதைச் சுருக்கமாகக் ‘கன்’ என்பார்கள். பாட்டரியால் ஓடும் ரெஞ்சுகள் கடைகளில் தாராளமாய்க் கிடைக்கத் தொடங்கிய பின்னர், வீட்டிலேயே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளும் விருப்பம் பலருக்கு உண்டாகியிருக்கிறது. இவ்விருப்பம் தவறானதன்று. ஆனால் எத்தகைய கருவியை வாங்குவது, அதை எதற்கு உபயோகிப்பது, எதற்கு உபயோகிக்கலாகாது என்பவற்றை அறிந்த பிறகே பணத்தைச் செலவிடுதல் நலம். இக்கட்டுரையின் சாரத்தை ஒரே வரியில் சொல்வதானால், நட்டைக் கழற்றுவது இயந்திரத்தின் வேலை. முடுக்கி முடிப்பது அளந்து செய்யும் கையின் வேலை.

நட்டு சக்கரத்தைப் பிடித்திருக்கும் விதம்

கடையாணி சக்கரத்தை வெளியே வராமல் தடுக்கிறது, அவ்வளவே. மோட்டார் வண்டியின் நட்டோ வேறு விதமாய் வேலை செய்கிறது. நட்டை முடுக்கும்போது அதனுள் இருக்கும் ஸ்டட்டு என்னும் மரையுள்ள இரும்புத் தண்டு மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட தண்டு, இழுத்து விட்ட வில்லைப் போல, மீண்டும் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் விசைதான் சக்கரத்தை அச்சுத் தலையின்மீது இறுக அழுத்திப் பிடிக்கிறது. வண்டியின் பாரத்தையும் பிரேக்கின் விசையையும் தாங்குவது இவ்வழுத்தத்தால் உண்டாகும் உராய்வே.

ஆகையால் நட்டு போதிய அளவு முடுக்கப்படாவிட்டால், சக்கரம் அச்சுத் தலையின்மீது நுண்ணிதாய் நகரத் தொடங்கும். நகர நகர நட்டு மேலும் தளரும். சக்கரத்தின் துளைகள் நீள்வட்டமாய்த் தேயும். முடிவில் ஸ்டட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஒடியும். அளவுக்கு மிஞ்சி முடுக்கினால், ஸ்டட்டு தன் சுருங்கும் தன்மையை இழந்து நிரந்தரமாய் நீண்டுவிடும்; மரை கெடும்; பிரேக் டிஸ்க் கோணி, பிரேக் பிடிக்கும்போது வண்டி அதிரும். அதிகமாய் முடுக்கினால் அதிகப் பத்திரம் என்று எண்ணுவது பிழை. இரு வழியிலும் முடிவு ஒன்றே.

முடுக்கும் விசையை நியூட்டன் மீட்டர் என்னும் அளவால் குறிப்பார்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு விசை சுமார் 98 நியூட்டன் மீட்டர். சிறிய கார்களின் சக்கர நட்டுகளுக்குப் பெரும்பாலும் 85 முதல் 120 வரையிலும், பெரிய வண்டிகளுக்கு அதற்கு மேலும் வேண்டியிருக்கும். சரியான எண் அந்தந்த வண்டியின் கைப்புத்தகத்தில் அச்சிடப்பட்டிருக்கும், அதுவே பிரமாணம். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள சாதாரண வீல் ஸ்பானரின் நுனியை 35 கிலோவுக்கு ஈடாய் அழுத்தினால் ஏறக்குறைய 103 கிடைக்கும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அதன்மேல் ஏறி நின்றாலோ 206 ஆகிவிடும். காலால் மிதித்து முடுக்கும் வழக்கம் ஏன் தகாது என்பது இக்கணக்கால் விளங்கும்.

மற்றொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. நாம் செலுத்தும் முறுக்கு விசையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு, நட்டின் அடியிலும் மரையிலும் உள்ள உராய்வை வெல்லவே செலவாகிவிடுகிறது. எஞ்சிய ஒரு பங்கே ஸ்டட்டை இழுத்துப் பிடிக்கிறது. மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவினால் உராய்வு குறைந்து, அதே முறுக்கு விசையில் ஸ்டட்டு அளவுக்கு மிஞ்சி இழுக்கப்படும். எனவே கைப்புத்தகத்தில் சொல்லியிருந்தாலன்றிச் சக்கர நட்டின் மரைக்கு எண்ணெய் இடலாகாது. கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து உலர்ந்த நிலையிலேயே முடுக்க வேண்டும்.

கருவி வேலை செய்யும் விதம்

வரப்போரத்தில் முளை அடிக்கும்போது அதைக் கையால் எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. கொட்டாப்புளியால் தட்டினால் இறங்கும். இம்பாக்ட் ரெஞ்சின் தத்துவமும் இதுவே. உள்ளே மோட்டார் ஒரு கனத்த சுத்தித் துண்டைச் சுழற்றுகிறது. நட்டு எதிர்த்து நிற்கும்போது, பாட்டரி ரெஞ்சுகளில் அச்சுத்தி ஒரு வில்லை அழுத்திக்கொண்டு பின்வாங்கி, பிறகு விடுபட்டுச் சுழன்று வந்து முன்பக்கத்துத் தண்டைத் தட்டுகிறது. இவ்வாறு நிமிஷத்திற்கு இரண்டாயிரம், மூவாயிரம் தட்டுகள் விழும். ஒவ்வொரு தட்டும் மிகக் குறுகிய நேரமே நிற்பதால், நட்டுக்குப் பெரும் விசை கிடைத்தாலும் கருவியைப் பிடித்திருப்பவரின் மணிக்கட்டு அவ்வளவாகத் திரும்புவதில்லை. துருவேறி உறைந்துபோன நட்டுகூட இவ்வதிர்ச்சியால் விட்டுக்கொடுப்பது இதனாலேயே.

அதே காரணத்தினால் இக்கருவிக்கு ஒரு பெருங்குறையும் உண்டு. எவ்வளவு முடுக்கினோம் என்பது சாதாரண ரெஞ்சுக்குத் தெரியாது. விசையை ஒரு நொடி அதிகம் அழுத்தினால் நட்டு மேலும் ஏறும். காற்றின் அழுத்தம், பாட்டரியின் நிலை, சாக்கெட்டின் தேய்வு, இடையில் மாட்டிய நீட்டுத் தண்டு ஆகிய ஒவ்வொன்றாலும் முடுக்கு மாறுபடும். 500 நியூட்டன் மீட்டர் கொடுக்கவல்ல ரெஞ்சு, 100 வேண்டிய நட்டை இரண்டு மூன்று நொடிகளில் கெடுத்துவிடக்கூடும். கார் செய்யும் தொழிற்சாலைகளில் விசையை அளந்து குறித்த இடத்தில் தானே நின்றுவிடும் மின்சாரக் கருவிகளைக் கொண்டே சக்கர நட்டுகளை முடுக்குகிறார்கள். வீட்டில் அந்த வேலையைச் செய்வது டார்க் ரெஞ்ச் என்னும் அளவுக் கருவி. வேண்டிய எண்ணில் வைத்து முடுக்கினால், அவ்விசை வந்தவுடன் ‘டக்’ என்று ஒலித்து அறிவிக்கும்.

மூவகை ரெஞ்சுகள்

காற்றினால் ஓடுவது: விலை குறைவு, உழைப்பு அதிகம், நனைந்தாலும் மின் அதிர்ச்சிக்கு இடமில்லை. ஆனால் கம்ப்ரெசர் வேண்டும். அரை அங்குல ரெஞ்சுக்குச் சாதாரணமாய் 6.2 பார், அதாவது சதுர அங்குலத்திற்கு 90 பவுண்டு அழுத்தம் தேவை. காரின் 12 வோல்ட் முனையில் செருகி டயருக்குக் காற்றடிக்கும் சிறு பம்பு இதற்குச் சிறிதும் உதவாது. காற்றைச் சேர்த்து வைக்கும் தொட்டியும் அகலமான ஓஸும் இன்றியமையாதன. பழவேற்காடு, பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கங்களில் கடற்காற்றின் ஈரம் அதிகமாதலால் தொட்டியில் நீர் விரைவில் சேரும்; நாள்தோறும் அடிக்குழாயைத் திறந்து நீரை வடித்துவிடாவிட்டால் தொட்டி உள்ளே துருவேறி வெடிக்கும் அபாயமுண்டு. ரெஞ்சின் காற்று வாயில் தினமும் சில சொட்டு எண்ணெய் விடுவதும் அவசியம்.

மின்கம்பியால் ஓடுவது: 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் ஓடும். பாட்டரி தீரும் கவலையில்லை. ஆயினும் வாசலில் ஈரத் தரையில் கம்பியை இழுத்து வேலை செய்வதில் அபாயமுண்டு. 30 மில்லி ஆம்பியரில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் உள்ள இணைப்பிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். பாசன பம்ப் செட்டுக்கென்று கொடுக்கப்பட்டுள்ள இலவச மின் இணைப்பிலிருந்து இதையோ கம்ப்ரெசரையோ ஓட்டுதல் விதிக்குப் புறம்பானது.

பாட்டரியால் ஓடுவது: வீட்டிலும் வயலிலும் சாலை ஓரத்திலும் ஒருங்கே பயன்படுவதால் குடியானவருக்கு இதுவே பெரும்பாலும் பொருத்தமானது. கடைகளில் 18 வோல்ட் என்றும் 20 வோல்ட் என்றும் எழுதியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். இரண்டிலும் இருப்பவை பெரும்பாலும் ஐந்து லித்தியம் செல்களே. ஒவ்வொன்றும் வேலை செய்யும்போது சராசரி 3.6 வோல்ட், நிறையச் சார்ஜ் செய்தவுடன் சுமார் 4 வோல்ட். ஐந்தால் பெருக்கினால் 18-உம் 20-உம் வரும். திருத்தணிப் பக்கத்துக் கோடை வெயிலில் பூட்டிய காருக்குள் பாட்டரியைப் போட்டு வைத்தால் அதன் ஆயுள் வெகுவாய்க் குறையும். சூடாயிருக்கும் பாட்டரியை ஆறவிட்ட பின்னரே சார்ஜ் செய்ய வேண்டும்.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. சதுர முனை. கார், ஜீப் வேலைக்கு அரை அங்குலச் சதுர முனை தக்கது. மூன்றே எட்டு அங்குல முனை சிறு வேலைகளுக்கும், முக்கால் அங்குலமும் ஓரங்குலமும் லாரி முதலிய கனத்த வண்டிகளுக்கும் உரியவை. மரத் திருகாணிகளை ஓட்டும் ஆறு பட்டை முனையுள்ள இம்பாக்ட் டிரைவர் இதே உருவத்தில் இருக்கும். சக்கர நட்டுக்கு அதன் விசை போதாது.

2. விசை. பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் உறைந்த நட்டை உடைத்துக் கழற்றும் உச்ச விசை. முடுக்கும் விசை அதிற் குறைவு. இரண்டையும் கேட்டறிய வேண்டும். கார் மட்டும் உள்ள வீட்டுக்கு 300 முதல் 400 நியூட்டன் மீட்டர் கழற்றும் விசை போதும். டிராக்டரும் இருந்தால் 700-க்கு மேற்பட்டதைப் பார்க்கலாம். வேண்டியதற்கு மேல் விசையுள்ளது எடையும் விலையும் கூடியது. நட்டைக் கெடுப்பதும் அதற்கு எளிது.

3. வேகப் படிகள். இரண்டு மூன்று வேகப் படிகள் உள்ளதும், விசையை மெல்ல அழுத்தினால் மெல்லச் சுழல்வதும் சிறந்தவை. கழற்றும்போது நட்டு விட்டவுடன் தானே நின்றுவிடும் வசதி இருந்தால் நட்டு தெறித்து ஓடாது.

4. மோட்டார். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் விலை கூடினாலும் குறைந்த பாட்டரியில் அதிக வேலை செய்யும். பிரஷ் மாற்றும் செலவில்லை.

5. பாட்டரியும் சார்ஜரும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு முத்திரை பாட்டரியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; லித்தியம் பாட்டரிக்கு உரிய தரம் ஐ.எஸ். 16046. மூன்று ஆண்டுகளுக்குப் பின் மாற்றுப் பாட்டரி கிடைக்குமா என்று கேட்பது விலையைக் கேட்பதற்கு ஒப்பானது. பாட்டரி கிடைக்காத ரெஞ்சு வெறும் இரும்பு.

6. எடை. பாட்டரியோடு சேர்த்து இரண்டு முதல் மூன்று கிலோ வரை இருக்கும். கையில் பிடித்து, சக்கரத்தின் உயரத்திற்குத் தாழ்த்திப் பார்த்து வாங்க வேண்டும்.

சாக்கெட்டுகள்

ரெஞ்சைக் காட்டிலும் சாக்கெட்டில் செய்யும் சிக்கனமே அதிக விபத்துக்குக் காரணமாகிறது. பளபளப்பாய் வெள்ளிபோல் மின்னும் சாதாரண சாக்கெட்டுகள் கை ஸ்பானருக்காகச் செய்யப்பட்டவை. அவை கெட்டியானவை, ஆயினும் அதிர்ச்சியைத் தாங்காமல் துண்டாய்த் தெறிக்கக்கூடும். இம்பாக்ட் ரெஞ்சுக்கு உரியவை கறுத்த நிறமும் தடித்த சுவரும் ஆறு பட்டைகளும் உள்ள குரோம் மாலிப்டினம் எஃகு சாக்கெட்டுகள். கார்களில் பெரும்பாலும் 17, 19, 21 மில்லிமீட்டர் அளவுகளே வரும். இம்மூன்றும் இருந்தால் போதும். அலாய் சக்கரங்களின் குழிக்குள் செல்லும்படி மெல்லிய சுவரும் வெளியே பிளாஸ்டிக் உறையும் உள்ள நீண்ட சாக்கெட்டுகள் உண்டு. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய சாமான்களோடு கிடைக்கும் சாக்கெட்டுகளை வாங்குவோர், உட்பட்டைகள் உருண்டிருக்கின்றனவா, சுவரில் விரிசல் உண்டா என்று வெளிச்சத்தில் பார்த்தே வாங்க வேண்டும்.

சக்கரம் மாற்றும் முறை

1. வண்டியைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, கியரில் விட்டு, மாற்றும் சக்கரத்திற்கு எதிர்மூலையிலுள்ள சக்கரத்திற்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். நெடுஞ்சாலையாயின் எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தூரத்தில் வைத்து, குழந்தைகளை இறக்கிச் சாலையைவிட்டு விலகி நிற்கச் செய்ய வேண்டும்.

2. கண்ணாடியும் காதடைப்பானும் அணிய வேண்டும். இக்கருவியின் ஓசை செவியைக் கெடுக்கவல்லது. தொங்கும் துண்டு, தளர்ந்த வேட்டி, கைவிரல் மோதிரம் ஆகியவற்றோடு சுழலும் கருவியைத் தொடலாகாது.

3. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்த வேண்டும். சாக்கெட் நட்டின்மேல் முழுவதும் நேராய் அமர்ந்த பிறகே விசையை அழுத்த வேண்டும்.

4. கைப்புத்தகத்தில் குறித்த இடத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையோ கையோ நீட்டலாகாது. அடியில் வேலை இருந்தால் இரும்புத் தாங்கிகள் வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் தாங்கியாகா.

5. நட்டுகளைக் கழற்றி, அச்சுத் தலையும் சக்கரமும் ஒட்டும் முகங்களிலுள்ள துரு, சேறு, கழன்ற பெயிண்ட் ஆகியவற்றைத் துடைக்க வேண்டும். இடையில் சேறு இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கி நட்டு தானே தளரும்.

6. மாட்டும்போது நட்டைக் கைவிரலால் மூன்று நான்கு சுற்றாவது ஏற்ற வேண்டும். இவ்விடத்தில் ரெஞ்சை உபயோகிப்பவர் மரையைக் கோணலாய் ஏற்றி ஸ்டட்டைக் கெடுப்பது மிகச் சாதாரணம். நட்டின் கூம்பு முகம் சக்கரத்தின் குழிக்குள் சரியாய்ப் பொருந்த வேண்டும். இரும்புச் சக்கரத்து நட்டு அலாய் சக்கரத்திற்கு ஒத்துவராமலும் போகலாம்.

7. பிறகு ரெஞ்சை மிகக் குறைந்த படியில் வைத்து, நட்டு சக்கரத்தைத் தொட்டு நிற்கும் வரை மட்டும் ஓட்டலாம். தட்டும் ஓசை கேட்டவுடன் விட்டுவிட வேண்டும்.

8. ஜாக்கியை இறக்கிச் சக்கரம் தரையைத் தொட்டபின், டார்க் ரெஞ்சைக் கொண்டு எதிரெதிர் நட்டுகளாக முடுக்க வேண்டும். ஐந்து நட்டுகள் உள்ளதில் நட்சத்திரம் வரைவது போல ஒன்று விட்டு ஒன்றாய்ச் செல்ல வேண்டும். முதற் சுற்றில் பாதி அளவும் இரண்டாம் சுற்றில் முழு அளவும் கொடுப்பது முறை.

9. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் டார்க் ரெஞ்சை வைத்துப் பார்க்க வேண்டும்.

பட்டறையில் சக்கரம் மாட்டி வந்தாலும் வீட்டுக்கு வந்தவுடன் ஒருமுறை இவ்வாறு சோதிப்பது உத்தமம். காரணம், நட்டு தளர்ந்திருப்பது மட்டுமன்று. ரெஞ்சினால் மிதமிஞ்சி முடுக்கிய நட்டை, பின்னொரு நாள் இரவில் பஞ்சர் ஆகும்போது காரோடு கொடுத்த சிறு ஸ்பானரால் அசைக்கவே முடியாது. மகளோ மருமகளோ தனியே ஓட்டிச் செல்லும் காரானால் கஷ்டம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் கை ஸ்பானரால் கழற்றக்கூடிய அளவில் நட்டு இருப்பதே சரியான முடுக்கின் ஓர் அடையாளம். இம்பாக்ட் ரெஞ்சு வாங்கினவர்களும் காரிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்துவிடலாகாது.

துருவேறிய நட்டுகள்

கடலோரக் கிராமங்களில் உப்புக் காற்றினாலும், சேற்றுழவு செய்யும் டிராக்டர்களில் நீரிலேயே நிற்பதனாலும் நட்டுகள் துருவேறி உறைந்துவிடும். எடுத்தவுடன் முழு விசையில் ரெஞ்சை வைத்தால் நட்டு வருவதற்குப் பதில் ஸ்டட்டு ஒடியும். முதலில் கம்பித் தூரிகையால் வெளிமரையைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டுச் சிறிது நேரம் ஊறவிட வேண்டும். பின் நடுப்படியில் வைத்துச் சிறிது சிறிதாய்த் தட்டவிட வேண்டும். சற்று முடுக்கும் பக்கமும் சற்றுத் தளர்த்தும் பக்கமும் மாற்றிச் சுழற்றினால் துரு உதிரும். பத்து நொடி தட்டியும் அசையாவிட்டால் நிறுத்தி மறுபடி எண்ணெய் விட வேண்டும். நட்டு கழன்ற பிறகு அந்த எண்ணெயை முழுவதும் துடைத்தெடுத்தல் அவசியம். சில பழைய வண்டிகளில் இடப்பக்கச் சக்கரத்திற்கு எதிர்மரை இருப்பதுண்டு. திருப்பும் திசையை அறியாமல் ரெஞ்சை ஓட்டினால் ஸ்டட்டு ஒடிவது நிச்சயம்.

உபயோகிக்கத் தகாத இடங்கள்

இம்பாக்ட் ரெஞ்சு கையிலிருந்தால் எல்லாவற்றிலும் வைத்துப் பார்க்கும் ஆசை உண்டாகும். எஞ்சின் ஆயில் வடிக்கும் போல்ட்டு, ஸ்பார்க் பிளக், அலுமினிய உறுப்புகளில் ஏறும் சிறு போல்ட்டுகள், எஞ்சின் தலையின் போல்ட்டுகள் ஆகியவற்றை இதனால் முடுக்கவே கூடாது. அலுமினிய மரை கெட்டால் பழுது பார்க்கும் செலவு ரெஞ்சின் விலையை மிஞ்சும். சக்கரத்திற்கு அடியிலுள்ள ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் முதலியவற்றின் பெரிய நட்டுகளைக் கழற்ற மட்டும் உபயோகிக்கலாம். அழுத்தப்பட்ட காயில் ஸ்பிரிங்கை விடுவிக்கும் வேலையைப் பழகிய மெக்கானிக்கிடமே விட வேண்டும்.

டிராக்டரும் கேஜ் வீலும்

சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய பட்டங்களில் சேற்றுழவுக்குக் கேஜ் வீல் மாட்டுவதும், உழவு முடிந்து சாலையில் ஏறுமுன் கழற்றுவதும் டிராக்டர் வைத்திருப்போருக்கு ஓயாத வேலை. இங்கேதான் இம்பாக்ட் ரெஞ்சு தன் விலையை விரைவில் மீட்டுக் கொடுக்கும். ஆயினும் டிராக்டர்ப் பின்சக்கர நட்டுகளுக்கு வேண்டிய முறுக்கு விசை காரினும் மிக அதிகம். கைப்புத்தகத்தில் கண்ட எண்ணுக்கு ஏற்ற நீளமான டார்க் ரெஞ்சு வேண்டும். கேஜ் வீல் மாட்டி ஒரு மணி நேரம் உழுதபின் வண்டியை நிறுத்தி நட்டுகளைச் சோதிக்க வேண்டும். மறுநாள் காலையிலும் சோதிக்க வேண்டும். எடைக்காக நீர் நிரப்பிய பின்சக்கரம் மிகக் கனமானது. தனியாள் அதைக் கழற்ற முயலலாகாது. டிரெய்லரின் சக்கர நட்டுகளைப் பலர் அறவே மறந்துவிடுகிறார்கள். நெடுஞ்சாலையில் பாரத்தைத் தாங்கிச் செல்வது அதுவே ஆதலால் அதைக் கொள்முதல் நிலையத்துக்குப் புறப்படுமுன் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

செலவும் கூட்டு உடைமையும்

பாட்டரி ரெஞ்சுகள் சில ஆயிரம் ரூபாய் முதல் இருபதாயிரத்துக்கு மேலும் விலையாகின்றன. கையில் உள்ள பணம் இரண்டில் ஒன்றுக்கே போதுமாயின், முதலில் வாங்க வேண்டியது டார்க் ரெஞ்சும் சிலுவை வடிவமுள்ள நல்ல வீல் ஸ்பானரும்; இம்பாக்ட் ரெஞ்சு அடுத்தது. அது இன்றியும் சக்கரம் மாற்றலாம். அளவு இன்றி முடுக்கலாகாது. டார்க் ரெஞ்சை நட்டுக் கழற்ற உபயோகிக்காமல், வேலை முடிந்ததும் மிகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பிப் பெட்டியில் வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சோதனை செய்வித்தல் நலம்.

ஆண்டில் நாலைந்து முறையே சக்கரம் கழற்றும் சிறு குடியானவருக்குத் தனியே ரெஞ்சு வாங்குவது வீண் செலவு. ஒரே தெருவிலுள்ள ஐந்தாறு பேர் கூடி ஒரு ரெஞ்சும் ஒரு டார்க் ரெஞ்சும் மூன்று சாக்கெட்டும் வாங்கலாம். அல்லது இயந்திரங்களை வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ வாங்கி வைக்கலாம். அப்போது எடுத்துச் செல்பவரின் பெயரையும் திருப்பித் தரும் நாளையும் எழுதும் ஒரு புத்தகமும், பாட்டரியைச் சார்ஜ் செய்து வைக்கும் பொறுப்புடைய ஒருவரும் வேண்டும். பொதுச் சொத்து பொறுப்பாளரின்றிப் பாழாவது யாவரும் அறிந்ததே.

கிராம அதிகாரிகளுக்கு

இவ்வட்டாரம் சக்கரத்துக்கும் நட்டுக்கும் அந்நியமானதன்று. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய மோட்டார்த் தொழிற்சாலை எண்ணூரில் உள்ளது. சக்கரங்கள் செய்யும் வீல்ஸ் இந்தியாவும், நட்டு போல்ட்டுகள் செய்யும் சுந்தரம் பாஸ்டனர்ஸும் 1960-களில் பாடியில் தொழில் தொடங்கியவை. தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் இல்லாத கிராமம் இப்பக்கத்தில் அரிது. அளந்து முடுக்கும் முறையைத் தினமும் கண்டுவரும் அவர்களைக் கொண்டு, அறுவடை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பொது இடத்தில் டிராக்டர், டிரெய்லர், கார் முதலியவற்றின் நட்டுகளைச் சோதிக்கும் ஏற்பாட்டைக் கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் எளிதில் செய்யலாம். நட்டிலிருந்து சக்கரத்தின்மீது செங்காவி நிறமாய் ஓடும் துருக்கோடு, ஒரு நட்டு குறைந்த சக்கரம், நீண்டு தேய்ந்த துளை, மெதுவாய் ஓடும்போது கேட்கும் ‘டொக் டொக்’ என்ற ஓசை ஆகிய நான்கும் நட்டு தளர்ந்ததற்கு அறிகுறிகள். இவற்றில் ஒன்று காணப்பட்டாலும் அவ்வண்டியைச் சாலையில் ஏற்றாமல் தடுப்பது அதிகாரிகளின் கடமை.

சக்கர நட்டுகளைச் சோதிக்க ஒரு வண்டிக்குப் பத்து நிமிஷம் பிடிக்கும். கடையாணியைத் தொட்டுப் பார்த்த பின்னரே மாட்டை ஓட்டிய முன்னோரின் ஜாக்கிரதை, டார்க் ரெஞ்சின் உருவில் ஒவ்வொரு குடியானவர் வீட்டிலும் மீண்டும் இடம்பெறுமாயின், நெல்லும் வண்டியும் அதில் ஏறிச் செல்லும் குடும்பமும் சுகமாய் வீடு திரும்பும்.